குளிரில் 38 டிகிரி

மின்சாரக் கேள்வி – பதில்

சென்ற இதழில் தெர்மல் கேமராவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வயரில், சுவிட்ச் போர்டில் எந்த இடம் சூடாகிறது என்பதை நிறம் நிறமாகக் காட்டுகிற கருவி, அவ்வளவுதான் சொன்னது. அதற்கே இவ்வளவு கடிதங்கள். குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததில் பாதி படித்தது, பாதி கை சுட்டுக்கொண்டது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊட்டியில் ஆறு அறை காட்டேஜ் நடத்துகிறேன். டிசம்பரில் ஒருவரை அழைத்து தெர்மல் ஸ்கேன் எடுத்தேன். காலை ஏழு மணிக்கு வந்து அரை மணியில் முடித்துவிட்டார். அன்று மூன்று அறையில்தான் ஆள். மெயின் போர்டில் ஒரு பேஸ் டெர்மினல் மட்டும் 38 டிகிரி, பக்கத்தில் இருந்த இரண்டும் 15, 16. '40-க்குக் கீழே இருக்கிறது, பயம் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தார். எம்சிபி (கோளாறு வந்தால் தானே விழுகிற சுவிட்ச்) எல்லாம் போன வருடம்தான் மாற்றினேன். நிம்மதியாக இருக்கலாமா சார்?
— காட்டேஜ் உரிமையாளர், ஊட்டி

பதில்: இருக்காதீர்கள். வருகிற சீசனுக்கு முன்னால் அந்த டெர்மினலை, அதாவது வயரை ஸ்க்ரூ போட்டு இறுக்குகிற இடத்தை, கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

இதே தப்பை நான் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று எங்கள் தொழிற்சாலைக்கு முதன்முதலாக ஒரு கேமரா வாடகைக்கு வந்தது ஒரு ஜனவரி மாதம். வெளியே புல் மேல் உறைபனி. கொழுந்து வரத்து குறைவு, அதனால் இலை வாட்டுகிற தொட்டிகளில் பாதிதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விசிறி மோட்டார்களுக்கெல்லாம் கரன்ட் போகிற பேனலைத் திறந்து காட்டினேன். பேஸ் என்றால் கரன்ட் வருகிற கம்பி, அங்கே மூன்று: சிவப்பு பேஸ் 22, மஞ்சள் பேஸ் 23, நீல பேஸ் 41. அறை 10 டிகிரி. '41 என்பது குளிக்கிற வெந்நீர் சூடுதானே' என்று நானே சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

ஏப்ரலில் கொழுந்து குவிந்தது. எல்லாத் தொட்டியும் இராப்பகலாக ஓடின. ஒரு ராத்திரி வாட்ச்மேன் வந்து, 'அண்ணே, பேனல் ரூம்ல யாரோ மீன் வறுக்கிறாங்க' என்றார். திறந்தால் நீல பேஸ் லக் (வயர் நுனியில் மாட்டுகிற உலோகக் காது) கரிக்கட்டையாக இருந்தது. வயரின் மேல்தோல் உருகி வழிந்து, கீழே படிந்திருந்த தேயிலைப் பஞ்சின் மேல் சொட்டியிருந்தது. அந்தப் பஞ்சு பற்றவில்லை. ஏன் பற்றவில்லை என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். இணைப்பில் பிறக்கிற சூடு கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூட்டின் ஏற்றம் நாலு மடங்கு. ஜனவரியில் அறையைவிட 31 டிகிரி அதிகம் என்றால், முழு லோடில் 124 டிகிரி அதிகம். நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும், ஆனால் சாதாரண பிவிசி வயர் தாங்குவது 70 டிகிரி வரைதான். 41 என்ற எண்ணை மட்டும் பார்த்தேன், பக்கத்து பேஸைவிட 18 டிகிரி அதிகம் என்பதைப் பார்க்கவில்லை. சமவெளியில் மே மாதம் 41 டிகிரி என்றால் அது அறைச்சூடு. மலையில் அதே 41 என்றால் உள்ளே ஏதோ எரியத் தயாராகிறது.

உங்களுக்கு வருகிறேன். உங்கள் மூன்று டெர்மினலுக்கும் ஏறக்குறைய ஒரே லோடு என்றால், 23 டிகிரி வித்தியாசம். அமெரிக்காவில் சோதனைக்காரர்கள் பயன்படுத்துகிற நெட்டா அட்டவணை, ஒரே மாதிரி லோடு உள்ள ஒரே மாதிரி பாகங்களுக்குள் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உடனே சரி செய்யச் சொல்கிறது. அந்த ஒரு பேஸில் மட்டும் லோடு அதிகமாக இருந்ததா என்று கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கிற கருவி) போட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் ஆம்பியர் எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் அது அழகான கலர் போட்டோ, அவ்வளவுதான்.

எம்சிபி புதிது என்பது இதில் உதவாது. எம்சிபி அதிக கரன்ட்டுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். லூஸ் கனெக்ஷனில் கரன்ட் அதிகமாவதில்லை. ஹீட்டருக்கு வேண்டிய அதே கரன்ட்தான் போகிறது, வழியில் ஒரு ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காததால் அங்கே சூடாகிறது. எம்சிபிக்கு எல்லாம் சுபம்.

மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது ஆறு அறையிலும் கீசர், ரூம் ஹீட்டர் எல்லாம் போட்டுவிடுங்கள். இரண்டும் 2000 வாட் என்றால் மொத்தம் 24,000 வாட். மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரிந்திருந்தால் பேஸுக்கு 35 ஆம்பியர் வரும். வேண்டுமென்றே கீசர் குழாயைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் போதுமான அளவு சூடானதும் தானாகவே ஆஃப் ஆகிவிடும். அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகு படம் எடுக்கச் சொல்லுங்கள். போர்டின் மூடியைத் திறந்து எடுக்க வேண்டும். கரன்ட் இருக்கும்போதே மூடி திறப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை, நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: கீசர் சுவிட்சைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறது. இந்தக் குளிருக்கு நல்லதுதானே என்கிறார் என் கணவர்.
— இல்லத்தரசி, கேத்தி

பதில்: கை காய்ச்ச வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா.

உங்களுக்குக் கேமரா வேண்டாம். கீசரை 15 நிமிடம் ஓட விட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் உலோகப் பின்களைத் தொடாமல் புறங்கையை அருகே கொண்டு போங்கள். ஒரு பின் மட்டும் அனல் அடித்தால் சாக்கெட்டில் அந்த ஓட்டையின் பிடி தளர்ந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி டீக்கறை மாதிரி பழுப்பு வட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மீன் வாங்காத வீட்டில் மீன் கவிச்சி அடித்தால், வாட்ச்மேன் சொன்ன அதே கதைதான். சுவிட்ச், சாக்கெட் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் அப்படித்தான் நாறும்.

மாற்றும்போது சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. பிளக்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய பிளக்கின் வெந்து கறுத்த பின்கள் புது சாக்கெட்டையும் ஆறே மாதத்தில் கெடுக்கும். அப்புறம், 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2000 வாட் கீசர் 9 ஆம்பியர் இழுக்கும்.

கேள்வி: கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை வைத்து போர்டைப் பார்க்கலாமா?
— கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: காய்ச்சல் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மனித உடம்புக்காகச் செய்தது, ஏறக்குறைய 32-லிருந்து 43 டிகிரி வரை அதற்கு உலகம். அதைத் தாண்டினால் 'ஹை', 'லோ' என்று கைவிரித்துவிடும்.

தொழிற்சாலைக்கான துப்பாக்கி தனி. அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. சிவப்புப் புள்ளி விழுகிற இடத்தை மட்டும் அளக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். பக்கவாட்டில் 12:1 என்று போட்டிருந்தால், 12 அடி தூரத்திலிருந்து ஒரு அடி வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது என்று அர்த்தம். அந்த வட்டத்துக்குள் வெந்துகொண்டிருக்கிற ஒரு ஸ்க்ரூ, கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரிதான். 160-க்கு 120 புள்ளி உள்ள தெர்மல் கேமரா என்றால் ஒரே படத்தில் 19,200 இடத்துச் சூட்டைத் தனித்தனியாக அளக்கிறது. விலை வித்தியாசம் அதற்குத்தான்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வீடு வெள்ளைக்காரர் காலத்து பங்களா. மரக் கூரை, மரச் சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரிங். சுவரையும் கூரையையும் உடைக்காமல் கேமரா உள்ளே பார்த்துச் சொல்லிவிடுமா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: சொல்லாது. இது எக்ஸ்ரே இல்லை. மேற்பரப்பின் சூட்டைத்தான் பார்க்கும். உள்ளே சூடு அதிகமாகி, அது மரத்தைத் தாண்டி வெளியே வந்தால் ஒரு மங்கல் திட்டாகத் தெரியலாம். மரம் சூட்டைச் சுலபமாகக் கடத்தாது, எனவே வெளியே இரண்டு டிகிரி தெரிந்தாலே உள்ளே நிறைய இருக்கலாம். கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்க முடியாது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் உங்கள் உருவமே நிழல் மாதிரி திரும்பித் தெரியும்.

(வில்லியம் ஹெர்ஷெல் 1800-ல் முக்கோணக் கண்ணாடியில் வெயிலைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில்தான் அதிகச் சூடு காட்டியது. கேமரா பார்ப்பது அந்த வகைக் கதிரைத்தான். எனக்குப் பிடித்த கதை என்பதால் சொன்னேன்.)

உங்கள் வீட்டுக்கு முதலில் வேண்டியது வேறு. அந்தக் காலத்து வயரில் ரப்பர் உறை, மேலே நூல் பின்னல். வருடம் போகப் போக ரப்பர் காய்ந்து வறுத்த அப்பளமாகிவிடும், தொட்டால் உதிரும். கரன்ட் ஒழுங்காகப் போகிற வரை அதில் சூடு இருக்காது, கேமராவும் ஒன்றும் காட்டாது. மெயினை அணைத்து, சாமான்களையெல்லாம் கழற்றி, 500 வோல்ட் மெகர் (வயர் உறை கரன்ட்டைக் கசிய விடுகிறதா என்று அளக்கிற கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ரப்பர் வயர்தான் என்று உறுதியானால் என் யோசனை: சோதனைச் செலவை மிச்சம் பிடித்து முழுக்க வயரிங் மாற்றிவிடுங்கள். மரக் கூரைக்கு மேல் எலி, அணில் கடித்த கதை தனி. அதற்கு ஒரு ஆள் ஏறிப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் வயர்மேன். போனில் மாட்டுகிற கேமரா வாங்கினேன். நன்றாகச் சுடுகிற பஸ்பாரை (போர்டுக்குள் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற உலோகப் பட்டை) காட்டினால் குளிர்ச்சி என்கிறது. கேமரா டூப்ளிகேட்டா?
— ஊட்டி

பதில்: கேமரா சரிதான் தம்பி. பளபளக்கிற செம்பு, அலுமினியம் எல்லாம் தன் சூட்டைக் கொஞ்சமாகத்தான் கதிராக வெளியே விடும், மற்றவர் சூட்டைக் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். நீங்கள் பார்த்தது பஸ்பாரின் சூட்டை அல்ல, எதிர்ச் சுவரின் குளிரை. நெருங்கி நின்றால் உங்கள் முகமே தெரியும்.

வீட்டிலேயே பழகுங்கள். எவர்சில்வர் தூக்கில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வெளிப்பக்கம் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கேமராவில் பாருங்கள். டேப் மட்டும் தகதகக்கும், சுற்றியுள்ள எவர்சில்வர் ஆறிப்போன பாத்திரம் மாதிரி நிற்கும். இரண்டும் ஒரே சூடுதான். டேப் 100 காட்டவில்லையே என்று மறுபடி கேமராவைத் திட்டாதீர்கள்; உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், தூக்கில் ஊற்றினால் இன்னும் இறங்கும்.

வேலையில் பஸ்பாரை நேராக நம்பாதீர்கள். அதில் மாட்டியிருக்கிற வயரின் பிவிசி உறையைப் பாருங்கள், அது உண்மை சொல்லும். டெர்மினல் பக்கம் அதிகச் சூடு, வயரில் தள்ளிப்போகப் போகக் குறைகிறது என்றால் லூஸ் கனெக்ஷன். வயர் நெடுக ஒரே சூடு என்றால் ஓவர்லோடு, ஸ்க்ரூவை முறுக்கிப் பயனில்லை. மூன்றில் ஒரு ஃப்யூஸ் மட்டும் ஜில்லென்று இருந்தால் அது செத்துக் கிடக்கிறது. நியூட்ரல் லிங்க்கை (கரன்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர்கள் சேருகிற இடம்) பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள். த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் கழன்றால் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போகும், பழி உங்கள் மேல்தான் விழும்.

கேள்வி: எர்த் லீக்கேஜ் இருந்தால் கேமராவில் தெரியுமா?
— வாசகர், கூடலூர்

பதில்: பெரும்பாலும் தெரியாது. எர்த் லீக்கேஜ் என்பது கரன்ட் வழி தவறி மண்ணுக்குக் கசிவது. ஆளைக் கொல்ல 30 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலே போதும், அது போர்டைச் சூடாக்காது. அதற்கு ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்) வேண்டும். அதில் இருக்கிற 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் எடுத்த படத்தில் சுவிட்ச் போர்டைச் சுற்றி நீலத் திட்டு. குளிர்ச்சிதானே, விட்டுவிடலாமா?
— வாசகர், குன்னூர்

பதில்: சுவரில் ஈரம் இறங்கியிருக்கலாம். ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும், அதுதான் நீலம். போர்டின் ஸ்க்ரூக்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். களிம்பு பிடித்த இடம்தான் நாளைய லூஸ் கனெக்ஷன். முதலில் கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்துவிட்டு அப்புறம் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சூடான இடத்தைக் கண்டுபிடித்து ஸ்க்ரூவை இறுக்கியாகிவிட்டது. போதுமா?
— பள்ளி விடுதிக் காப்பாளர், லவ்டேல்

பதில்: வெறுமனே தளர்ந்திருந்தால் போதும். வெந்திருந்தால் போதாது. செம்பு கறுத்து, மேலே ஒரு ஓடு படிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கறுத்த படிவைத்தான் இறுக்குகிறீர்கள். மெயினை அணைத்து, வயரைப் பளிச்சென்று சிவப்புச் செம்பு தெரிகிற வரை வெட்டி, புது லக் போட வேண்டும். பிள்ளைகள் காலையில் குளிக்கிற நேரத்தில், முதல் முறை எவ்வளவு ஆம்பியர் ஓடியதோ அதே ஆம்பியரில், இரண்டாவது படம் எடுங்கள். இரண்டு படத்தையும் ஒரே ஃபைலில் வையுங்கள், தேதியும் அறைச்சூடும் எழுதி.