விடிய விடியக் குரைக்கும் நாய், நள்ளிரவு ஒலிபெருக்கி: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: பக்கத்து வீட்டார் சென்னையில் இருக்கிறார்கள். பூட்டிய வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) கட்டியிருக்கும் நாய் இரவெல்லாம் குரைக்கிறது. காவலாளி இரு வேளை சோறு வைப்பதோடு சரி. போலீசில் புகார் கொடுக்கலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

கொடுக்கலாம். ஆனால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருந்தாலும், நாய் குரைப்பதற்கென்று அவற்றில் தனி விதி இல்லை. ஆகவே பொதுத்தொல்லை என்ற வழியில் செல்வதே நல்லது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடப் பலன் தருவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் தேவகோட்டை கோட்டாட்சியரிடம் மனுக் கொடுப்பதாகும். தொல்லையை நீக்கும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. தெருவில் நாலைந்து வீட்டாராவது சேர்ந்து கையெழுத்திடுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டுமே இடைஞ்சல் என்றால், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பதுதான் வழி.

இதற்கெல்லாம் முன்பு வீட்டுக்காரரிடம் போனில் பேசிவிடுங்கள். இப்படியொரு புகாருக்காக நான் பார்க்கப்போன வீட்டில், வளவுத் தூணைச் சுற்றி ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வேலைப்பாடு சங்கிலி உராய்ந்தே அழிந்து, வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. இரண்டு முழச் சங்கிலியில், மனித முகமே பாராமல் கிடக்கும் நாய் குரைக்காமல் என்ன செய்யும்? மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். காவலாளி இரவில் அங்கேயே தங்கி, நாயை அவிழ்த்துவிட்டாலே குரைப்பு பெரிதும் குறையும்.

கேள்வி: அறுபதாம் கல்யாணத்துக்கு நள்ளிரவு வரை பாட்டுப் போடுகிறார்கள். உள்ளூர் வழக்கம் என்கிறார்கள். (வாசகர், பள்ளத்தூர்)

வழக்கம் சட்டமாகிவிடாது. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் முன் அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் கூடாது. கலை, சமய விழாக்களுக்காக 12 மணி வரை அனுமதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல். வீட்டு விசேஷம் அதில் சேராது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 112 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: தெருநாய்களின் தொல்லை தாளாமல், சோற்றில் மருந்து கலந்து வைக்கலாம் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். (வாசகர், புதுவயல்)

தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். விலங்கை விஷம் வைத்துக் கொல்வோருக்கு நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தச் சோற்றை ஆடும் தின்னும், கோழியும் கொத்தும், திண்ணையில் விளையாடும் பிள்ளையும் தொடும். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்க வேண்டிய பொறுப்பு உள்ளாட்சிக்கு உரியது. பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.