பிக்கப் டிரக்கின் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, சமமாக்க எந்த சஸ்பென்ஷன் மாற்றம் சரி?

முதலில் ஒன்று, அந்தச் சாய்வு பழுது இல்லை. பின்னால் பாரம் ஏற்றும்போது வண்டி சமமாக வரட்டும் என்றுதான் காலி வண்டியைப் பின்பக்கம் சற்று உயரமாகச் செய்கிறார்கள். அதனால் காலியாகவும், வழக்கமான பாரத்தோடும், நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள்.

பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது என்றால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம், பின்னால் ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போடுங்கள், காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் (ஆனால் அதைப் போட்டதால் வண்டியின் பாரம் தாங்கும் வரம்பு கூடிவிடாது, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்).

பெரும்பாலும் காலியாக ஓட்டுபவர், தோற்றத்துக்காகவோ கொஞ்சம் பெரிய டயருக்காகவோ கேட்கிறீர்கள் என்றால், முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) மேல் வைக்கும் ஸ்பேசர் என்ற தடித்த வளையம்தான் மலிவு. ஆனால் உயரம் கூடக் கூட பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் மூட்டு), சிவி ஆக்சில் (முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) எல்லாம் கோணம் மாறிச் சீக்கிரம் தேயும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையதே என்பதால் ஓட்டும் சுகமும் மேம்படாது. ஷாக் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் உயரம் மாற்றக்கூடிய புது ஸ்ட்ரட்டுக்கே போய்விடுவேன். டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கும் இரும்புக் கம்பி) உள்ள பழைய வண்டி என்றால் கதையே வேறு, அதில் ஸ்ட்ரட் ஸ்பேசருக்கு இடமில்லை, அந்தக் கம்பியின் போல்ட்டைத் திருகியே உயர்த்தலாம்.

முன்பக்கத்தை எப்படி உயர்த்தினாலும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். அப்புறம் ஹெட்லைட்டின் ஒளி சற்றுக் கீழே விழும்படி திருப்பி வையுங்கள், இல்லையென்றால் எதிரே வருபவர் கண் கூசும்.