கோத்தகிரி டீ பேக்டரியில் இளைஞர்கள் ஏன் நிலைப்பதில்லை? முதலாளி என்ன செய்யலாம்?

கேட்டவர் கோத்தகிரி பக்கம் பச்சை இலை வாங்கி சிடிசி தூள் (ரோலரில் நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கும் டீத்தூள்) போடும் சின்ன பேக்டரி நடத்துகிறார். அப்பா காலத்து ஆட்கள் ஆயுசு முழுக்க இருந்தார்கள்; இப்போது சேரும் 20, 22 வயதுப் பையன்கள் மூன்று மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள், ராத்திரி கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை, எது சொன்னாலும் "ஏன் சார்?" என்கிறார்கள் என்பது அவர் குறை.

ராத்திரி போனிலிருந்தே ஆரம்பிக்கிறேன், சண்டையில் பாதி அங்கேதான் இருக்கிறது. அன்றைய ஆட்கள் பேக்டரியை ஒட்டிய லயனில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருந்தார்கள். லோடு வந்தால் ஒரு குரலுக்கு எழுந்து வந்தார்கள், இலையைக் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்கள். இன்றைய பையன் ஊரிலிருந்து பஸ்ஸிலோ பைக்கிலோ வருகிறான். கடைசி பஸ் போன பிறகு, காட்டெருமையும் கரடியும் குறுக்கே வரும் ரோட்டில் அவன் திரும்பிப் போக வேண்டும். போன் எடுக்காததைச் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

ஆனால் உங்கள் அவசரமும் நிஜம். சாக்கில் கட்டிக் கிடக்கும் இலை சூடேறிச் சிவந்துவிடும். அந்த இலையில் நல்ல தூள் வராது, ஏலத்தில் விலையும் நிற்காது. அதனால் ராத்திரி எட்டு மணிக்கு ஆள் வேண்டும்தான். கேள்வி, எந்த வேலைக்கு, எத்தனை பேர் என்பதுதான். இலை வாட 12 முதல் 16 மணி நேரம் எடுக்கும். ராத்திரி வரும் லோடை அன்று யாரும் அரைக்கப் போவதில்லை. ட்ரஃபில், அதாவது அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு இலையை வாட்டும் நீளத் தொட்டியில், பரப்ப மட்டும்தான் கை வேண்டும். அப்படியிருக்க, காலை ஆறு மணிக்கு வந்த ஷிப்ட் முழுவதையும் பிடித்து உட்கார வைப்பது பழைய பழக்கம், அவ்வளவுதான். ஏப்ரலிலிருந்து ஜூன் வரையும், மழை ஓய்ந்து மறுபடி கொழுந்து ஏறும் மாதங்களிலும், சாயங்காலம் நாலு மணிக்கு வந்து லோடு முடிந்ததும் போகிற தனி டீம் ஒன்று போடுங்கள். மூன்று மணிக்கு இலை ஏஜென்ட் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எத்தனை கிலோ வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாலு மணிக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று விஷயம் போட வேண்டும்: யார் இருக்கணும், எத்தனை மணி வரை, யார் ஜீப்பில் கொண்டுபோய் விடுவது. வாரம் 48 மணி தாண்டினால் இரட்டிப்புக் கூலி சட்டப்படி உண்டு. அதைக் கேட்காமலே கொடுத்தால் அடுத்த முறை போன் எடுப்பான்.

அடுத்தது சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000 என்று வாயால் பேசிச் சேர்க்கிறீர்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் போய், பேங்கில் 12,320 விழுகிறது. "சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று" என்று அன்றைக்கே அவன் மனசு விட்டுப்போகிறது. அதே 1,680 உங்கள் பக்கத்திலிருந்தும் அவன் பேரில் கட்டப்படுகிறது, அதில் பெரும்பங்கு பென்ஷன் கணக்குக்குப் போகிறது என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் கொடுத்து, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அரசின் உமாங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக் பார்ப்பது எப்படி என்றும், வேலை மாறினாலும் அதே யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண்தான் கூட வரும் என்றும் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை இது.

இனி அந்த "ஏன்". பெரியவர்களுக்கு அது எதிர்த்துப் பேசுவதாகக் காதில் விழுகிறது. அவர்கள் பார்த்துப் பார்த்தே கற்றார்கள், வருஷக்கணக்கில். பையனுக்கு அந்த வருஷங்கள் இல்லை. காரணம் தெரிந்தால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான். "இலையை ஒழுங்கா பரத்துடா" என்றால் ஒன்றும் புரியாது. பக்கத்தில் நின்று காட்டுங்கள்: சாக்கிலிருந்து கொட்டினபடி விட்டால் நடுவில் மேடு நிற்கும். ஃபேன் காற்று சுலபமான வழி தேடும், மெல்லிசாக இருக்கிற ஓரத்தில் ஓடிவிடும். ஓரத்து இலை மொறுமொறுவென்று காய, மேட்டுக்கு அடியில் இலை ஈரமாகவே கிடக்கும். அது சிடிசி ரோலரில் போனால் கூழாக வரும், ட்ரையரில் சரியாகக் காயாது. மேட்டுக்குள் அவன் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம், ஓரத்தில் மொறுமொறுப்பு என்று கையே சொல்லும். அடுத்த நாளிலிருந்து கட்டியை அவனே உதறிப் பரப்புவான்.

பெர்மென்டிங்கும், அதாவது அரைத்த இலையை நிறமும் வாசனையும் மாற விடுவதும், அப்படித்தான். பக்குவம் பார்க்கும் பழைய டீ மேக்கர், போதும் என்பதை மூக்கால் சொல்லிவிடுவார். பச்சை வாடை போய்ப் பழவாசனை எழும்பும் நேரம் அது. தாண்டினால் வாசனை சப்பென்று இறங்கிவிடும். அந்த மூக்கு வர ஒரு வருஷத்துக் குளிரும் மழையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜனவரிப் பனியில் அதே இலை மெதுவாக மாறும், மே மாதத்தில் சீக்கிரம். பையனிடம் தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் கொடுங்கள். மணி, சூடு, நிறம், கடைசியில் டீ மேக்கர் சொன்ன தீர்ப்பு, நாலையும் எழுதட்டும். போனில் குறித்தாலும் சரி. டீ மேக்கருக்கு இது அவமரியாதையாகப் படும். "உங்க மூக்கைத்தான் அண்ணே எழுதி வைக்கிறோம்" என்று முதலாளியே முதலில் அவரிடம் பேசிவிட வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் "ஏன்" என்று கேட்காத ஆள் ஆபத்தானவன்: சிடிசி ரோலர் பக்கம். ரோலர் ஓடும்போதே ஒட்டினதைப் பெரியவர் சுரண்டுவதைப் பையன் பார்த்திருப்பான், தானும் கை வைப்பான். அந்த ரோலர் விரலை விட்டுவைக்காது. மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சுத்தம் செய்கிறவன் பாக்கெட்டிலேயே வைக்க வேண்டும். முப்பது வருஷ ஆளுக்கும் இதில் விலக்கு கிடையாது. போனும் அங்கே கூடாது. வாசலில் பெட்டி வையுங்கள், ஆபீஸ் நம்பரை அவன் வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா கூப்பிட்டால் உடனே சேதி வரும் என்று தெரிந்தால் போனை மனசோடு வைப்பான்.

அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரிய கடன் பையனை ராத்திரியோடு ராத்திரி ஓடத்தான் வைக்கும். ஒரு மாதச் சம்பளத்துக்குள், மாதம் இவ்வளவு பிடித்தம் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "டேய், வாடா" என்பதையும் விடுங்கள், "தம்பி" போதும்.

பையன்களிடமும் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது உண்டு. சீசனில் சொல்லாமல் லீவு போடுவது தப்பு. ஒருவன் வராவிட்டால் ட்ரஃபில் அடுத்தவன் முதுகு ஒடிகிறது. மாரியம்மன் திருவிழாக்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான், கொழுந்து கொட்டும் நேரத்தில். மார்ச்சிலேயே காலண்டர் போட்டு யாருக்கு எந்த நாள் லீவு என்று எழுதிவிடுங்கள். ட்ரஃபிலிருந்து சிடிசி, அங்கிருந்து ட்ரையர் என்று எப்போது மாற்றுவீர்கள், அப்போது எவ்வளவு கூடும் என்பதும் அதே சுவரில் இருக்கட்டும். வேலையை விடுவதென்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லணும் என்று கடிதத்தில் போடுங்கள், நிறுத்துவதென்றால் நீங்களும் அப்படியே. போகிறவனுக்கு இரண்டு வேலை நாளில் கணக்கை முடித்துக் கொடுங்கள். திருப்பூர் போனவனையும் ஏப்ரலில் ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். அவன் வராவிட்டாலும் தம்பியையோ கூட்டாளியையோ அனுப்புவான்.