அது ஃபோர்ஸ் அவுட் இல்லை

வணக்கம் சார்,

உங்கள் கதைகளை மட்டும்தான் வாசித்து வந்தேன். வார இறுதிகளில் பேஸ்பால் அம்பயராக நிற்கிறீர்கள் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. நாங்கள் டெக்ஸஸில் இருக்கிறோம். 14 வயது மகன் இந்த ஆண்டு சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு அம்பயராகப் போகத் தொடங்கியிருக்கிறான். போன சனிக்கிழமை ஒரு ஆட்டம். ஒருவர் அவுட், முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ரன்னர்கள். உயர அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது பேஸ் பையன் பந்து பிடிபடும்வரை காத்திருந்து ஓடி ஹோம் பிளேட்டைத் தொட்டான், தொட்டால் ஒரு ரன். முதல் பேஸ் பையனோ முன்பே பாதி தூரம் போயிருந்தான். அவன் திரும்புவதற்குள் பந்து முதல் பேஸுக்கு வந்துவிட்டது, மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. ஹோம் பிளேட்டைத் தொட்டது அதற்கு முந்தி என்பதால் என் மகன் ரன் கொடுத்தான். எதிரணிப் பயிற்சியாளர் "இது ஃபோர்ஸ் அவுட், ரன் கிடையாது, நீ டிவியில் மேட்சே பார்ப்பதில்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். பையன் காரில் அழுதுகொண்டே வந்தான். அன்றிரவு டிவியில் பார்த்தால் அவர்களும் இப்படி ஒரு அவுட்டை ஃபோர்ஸ் என்றுதான் சொன்னார்கள். இருபது வருடம் ஆடியவர்களுக்குத் தெரியாதா? வேகத்தில் ஒரு சொல் மாறி வருவதைப் பெரிதுபடுத்த வேண்டுமா? பையனை நிறுத்திவிடலாமா, இல்லை அந்தப் பயிற்சியாளரிடம் நான் பேசட்டுமா? அப்புறம், நீங்கள் ஏன் இப்போதெல்லாம் கதை எழுதுவதில்லை?

க.

அன்புள்ள க.,

முதலில் உங்கள் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள்: அவன் கொடுத்த தீர்ப்பு சரி. அந்த ரன் உண்டு. பின்னால் வருபவருக்காக பேஸைக் காலி பண்ணியே ஆகவேண்டிய ரன்னரை அவுட் ஆக்குவதுதான் ஃபோர்ஸ் அவுட், இது அது இல்லை. ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே கத்தும்போதும் அவன் அதை மாற்றவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். இந்த வேலைக்கு வேண்டிய குணம் அதுதான், அது அவனிடம் இருக்கிறது.

கதை விஷயம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ஒரு சொல் மாறி வருவதைப் பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பிள்ளையை அழவைத்ததே அந்த ஒரு சொல்தானே? அந்தப் பயிற்சியாளர் விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? டிவியில் கேட்டதைத்தான் அவர் திருப்பிக் கத்தினார். வர்ணனை அறையில் குளிரூட்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும் தவறான சொல், சனிக்கிழமை வெயிலில் நிற்கும் ஒரு சிறுவன் தலையில் வந்து விழுகிறது. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் சிறுவர்களுக்காக நடக்கும் லிட்டில் லீக் உலகத் தொடரின் அம்பயர்கள்கூட ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் எல்லோரும் இந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

வேகத்தில் வரும் தவறு என்பதையும் நான் ஏற்கமாட்டேன். நேரலையில் ஒரு நொடியில் வாய் தவறினால் சரி, மனிதர்தானே. ஆனால் அதே காட்சியை மெதுவாக ஓடவிட்டு, வேறு வேறு கோணத்தில் காட்டி, அதன் பிறகும் நிதானமாக அதே தவறைச் சொல்கிறார்கள்.

இருபது வருடம் ஆடியவருக்குத் தெரியாதா என்றால், தெரியாமல் போகலாம். ஆட்டக்காரர் பந்தை அடிக்கவும் பிடிக்கவும் சம்பளம் வாங்கியவர். விதிப் புத்தகம் படிக்க அவரை யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. ஃபோர்ஸ் விஷயத்தில் அவர் கண் எங்கே ஏமாறுகிறது என்று பாருங்கள். தடுப்பாளர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலால் பேஸை மிதிக்கிறார், ரன்னரின் உடம்பைத் தொடவில்லை, ஆனாலும் அவுட். பார்க்க ஃபோர்ஸ் மாதிரியே இருக்கிறது. ஆட்டக்காரர் தடுப்பாளரின் காலைப் பார்த்துப் பழகியவர். அம்பயர் பார்க்க வேண்டியது ரன்னரின் உரிமையை.

எனக்கு நியூஜெர்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர். சமூகக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவற்றையே பேஸ்களாக வைத்து எங்களை ஓடவைப்பார். திடீரென்று நிறுத்தி, "அவனுக்குத் திரும்பிப் போக இடம் இருக்கிறதா?" என்று கேட்பார். பேட்டர் தரையோடு அடித்துவிட்டு ஓடத் தொடங்கிவிட்டால் முதல் பேஸ் இனி அவருடையது. அங்கே நின்றவர் காலி பண்ணியே ஆகவேண்டும், திரும்ப இடம் இல்லை. அது ஃபோர்ஸ். பந்து காற்றிலேயே பிடிபட்டுவிட்டால் பேட்டர் அவுட், அவர் ஓட்டமே முடிந்தது. முதல் பேஸ்காரரைத் தள்ள யாரும் இல்லை. அவருடைய இடம் அவருக்காகக் காத்திருக்கிறது, பந்துக்கு முன்னால் திரும்பித் தொட வேண்டும், அவ்வளவுதான். தொடத் தவறினால் அப்பீலில் அவுட், அதாவது எதிரணி பந்தோடு அந்த பேஸைத் தொட்டு அம்பயரிடம் கேட்டால். யாராவது "ஃபோர்ஸ்" என்று தப்பாகச் சொன்னால் கிழவர் திட்டமாட்டார். அந்த நாற்காலியைக் காட்டி முதலிலிருந்து ஓடச் சொல்வார். அவர் இப்போது இல்லை. டிவியில் அந்தச் சொல் தவறாக வரும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இதனால் என்ன வந்துவிட்டது என்று கேட்காதீர்கள். ஸ்கோரே மாறுகிறது. மூன்றாவது அவுட் ஃபோர்ஸாக இருந்தால் அந்தப் பந்தில் எந்த ரன்னும் சேராது. ஃபோர்ஸ் இல்லாமல், இப்படித் திரும்பத் தவறியதால் வந்த அவுட் என்றால், அதற்கு முன்பே ஹோம் பிளேட்டைத் தொட்டவரின் ரன் சேரும். கிரிக்கெட்டில் மூன்றாவது ரன்னுக்கு ஓடும்போது ரன் அவுட் ஆனால், ஓடி முடித்த இரண்டு ரன் போய்விடுமா? போகாது. இங்கேயும் நேரம்தான் கணக்கு.

பெரிய ஆட்டக்காரர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2009 ஏப்ரலில் ஃபீனிக்ஸில் மேஜர் லீக் அணிகளான டாட்ஜர்ஸும் டைமண்ட்பேக்ஸும் ஆடினார்கள். ஒருவர் அவுட், மூன்றாவது பேஸில் ஆண்ட்ரே ஈதியர், இரண்டாவதில் ஹுவான் பியர். ரேண்டி வுல்ஃப் அடித்த பந்து நேராக, பந்து வீசிய பிட்சர் டேன் ஹாரனின் கையுறைக்குள் போனது, இரண்டாவது அவுட். ஹாரன் இரண்டாவது பேஸ் பக்கம் எறிய, ஃபெலிபே லோபஸ் பியரைத் தொட்டு மூன்றாவது அவுட் எடுத்தார். இன்னிங்ஸ் முடிந்ததென்று டைமண்ட்பேக்ஸ் வெளியேறிவிட்டார்கள். ஆனால் பியரைத் தொடுவதற்கு முன்பே ஈதியர் ஹோம் பிளேட்டைக் கடந்திருந்தார். அவரும்தான் மூன்றாவது பேஸுக்குத் திரும்பவில்லை. வெளியேறுவதற்கு முன் மூன்றாவது பேஸில் அப்பீல் செய்திருந்தால் அவரும் அவுட், ரன் அழிந்திருக்கும். விதி அதற்கும் இடம் வைத்திருக்கிறது, நான்காவது அவுட் என்பார்கள். யாரும் கேட்கவில்லை. விதி தெரிந்த டாட்ஜர்ஸ் பயிற்சியாளர்கள் அம்பயரிடம் போனார்கள், ரன் சேர்ந்தது. உங்கள் மகன் கொடுத்தது இதே தீர்ப்பு. அவனுடைய ஆட்டத்தில் மூன்றாவது பேஸ் பையன் ஒழுங்காகக் காத்திருந்து ஓடியதால் அப்பீலுக்குக்கூட வழியில்லை.

டிவியில் வரும் மற்ற தவறுகள் எல்லாம் ஒரே எடை இல்லை. தரையில் குத்தி எழும்பி வேலியைத் தாண்டிப் போன பந்தை "கிரவுண்ட் ரூல் டபுள்" என்கிறார்கள். அது எல்லா மைதானத்துக்கும் பொதுவான புத்தக விதி, அந்தந்த மைதானத்தின் தனி விதி இல்லை. விடுங்கள், எப்படியும் இரண்டு பேஸ்தான், யாருக்கும் நஷ்டமில்லை. பின்னால் தெறித்துப் போன எல்லாப் பந்தையும் "ஃபவுல் டிப்" என்பதை அப்படி விட முடியாது. பேட்டில் உரசி நேராக கேட்சரிடம் போய்ப் பிடிபட்டால்தான் ஃபவுல் டிப். அது ஸ்ட்ரைக், பந்து உயிரோடு இருக்கிறது, ரன்னர் அடுத்த பேஸைத் திருடலாம். பிடிபடாவிட்டால் வெறும் ஃபவுல், எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்ஸ்ட்ரக்‌ஷனையும் இன்டர்ஃபியரன்ஸையும் குழப்புவது இன்னும் மோசம். முதலாவது தடுப்பாளர் ரன்னரின் வழியை மறிப்பது, இரண்டாவது பெரும்பாலும் அடிக்கும் அணி தடுப்பாளருக்கு இடையூறு செய்வது. 2013 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் அப்ஸ்ட்ரக்‌ஷன் தீர்ப்பில்தான் முடிந்தது. தரையில் கிடந்த தடுப்பாளர் வில் மிடில்புரூக்ஸ் மேல் ரன்னர் ஆலன் கிரெய்க் இடறினார், அம்பயர் ஜிம் ஜாய்ஸ் உடனே கை காட்டினார். வேண்டுமென்றே தடுத்தாரா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்த விதி நோக்கத்தைக் கேட்பதே இல்லை.

அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த மைக் பெரெய்ராவை 2010இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி விதி விளக்கத்துக்கென்றே அமர்த்தியது. பேஸ்பால் வர்ணனை அறை ஒவ்வொன்றிலும் ஓய்வு பெற்ற அம்பயர் ஒருவர் உட்கார வேண்டும். இத்தனை பணம் புரளும் இடத்தில் ஒரு நாற்காலி போட முடியாதா?

பையனை நிறுத்தாதீர்கள். பயிற்சியாளரிடமும் போகாதீர்கள். அம்மா வந்து சண்டை போட்டால் அடுத்த வாரம் மைதானத்தில் அவனுக்குத்தான் சங்கடம். உங்கள் லீகில் அம்பயர்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். நடந்ததை அவருக்கு எழுதுங்கள், சிறுவர்களிடம் கத்தும் பயிற்சியாளரைக் கண்டிப்பது அவர் வேலை. மேஜர் லீகின் விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 5.08, 5.09 இரண்டையும் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி நீங்களும் கூட உட்காருங்கள். லிட்டில் லீக் புத்தகத்தில் எண்கள் வேறாக இருக்கும், அதையும் அவன் தேடி எடுக்கட்டும். அடுத்த முறை இப்படி ஒரு ஆட்டம் வந்தால் ஹோம் பிளேட்டைக் கையால் காட்டி, ரன் உண்டு என்று ஸ்கோர் எழுதுபவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். இந்த முறை அதைச் செய்தானா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டு எழுதுங்கள்.