கப்டன் என்ற சொல்

அன்புள்ள அண்ணா,

ஈகிள்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'ஹொட்டேல் கலிபோர்னியா' பாடலைப் பற்றி எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். அது சாத்தானை வழிபடுவோரைப் பற்றியது என்கிறான் ஒரு நண்பன். போதைப்பொருளைப் பற்றியது என்கிறான் இன்னொருவன். மனநோய் மருத்துவமனை என்கிறான் மூன்றாமவன். எனக்கோ அது 2009க்கு முந்திய வன்னியைப் பற்றியே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. எது சரி? நம்முடைய பாடல்களில் ஏன் இத்தகைய மறைபொருள் இல்லை? அதைத் தமிழாக்கவும் முயன்றுகொண்டிருக்கிறேன். சரிவருமா?

— ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள தம்பி,

இந்தப் பாடலின் பொருட்டு நான் ஒருவருக்குப் பதில் எழுதாமல் பல வருடங்களாகக் கடன்பட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தின் வன்னி பற்றிய வரியைப் படித்ததும் அந்தக் கடன் நினைவுக்கு வந்துவிட்டது. ஆகவேதான் உடனே எழுதுகிறேன்.

சாத்தானையும் மருத்துவமனையையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். போதைக்குக் கொஞ்சம் இடமுண்டு. 1976 டிசம்பரில் இசைத்தட்டாக வெளிவந்த இந்தப் பாடலின் வரிகளில் பெரும்பங்கை எழுதிய டொன் ஹென்லி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பணக்கார வாழ்வின் மிகைகளையும், ஒன்றும் அறியாத பருவத்திலிருந்து அனுபவத்துக்குப் போகும் பயணத்தையும் மனதில் வைத்தே எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். நம்முடைய பாடல்களில் மறைபொருள் இல்லை என்று எந்தத் துணிவில் எழுதினீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. உள்ளுறை, இறைச்சி என்ற மறைபொருள் வகைகளுக்குத் தொல்காப்பியம் இலக்கணம் சொல்லிவைத்த மொழி இது. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடைத்தவர் காளமேகம். படிக்காததை இல்லை என்று சொல்லக்கூடாது.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்த ஒரு குடும்பம், ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுப் பத்தியில் தங்கியது. அந்த வீட்டு மூத்த மகனை நான் அண்ணை என்றுதான் அழைப்பேன். அவர் கொண்டுவந்த பொருட்களுள் எனக்குப் பெறுமதியாகத் தெரிந்தது, பெயர் அழிந்துபோன ஓர் ஒலிநாடா மட்டும்தான். மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் தலையை ரயருடன் அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயர்களை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுவது என் வேலை, கேட்பது அவர் வேலை. நான் களைத்தால் பாடகர் கிழவராகிவிடுவார். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் பாட்டுக்காரருக்குச் சின்னப்பிள்ளையின் குரல் வந்துவிடும். ஆறரை நிமிடப் பாடல் அது. கடைசியில் இரண்டு கிற்றார்களும் ஒன்றையொன்று துரத்தும்போது எனக்குத் தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருக்கும்.

ஆங்கிலம் தெரியாத பதினொரு வயதுப் பையனுக்கு அந்தப் பாடலில் பிடிபட்டது ஒரேயொரு சொல்: கப்டன். அந்நாட்களில் வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஒரேயொரு இடம்தான் இருந்தது. சுவரொட்டிகளில், இறந்துபோனவர்களின் பெயருக்கு முன்னால். ஆகவே, "அண்ணை, இந்தக் கப்டன் எந்தச் சண்டையில வீரச்சாவு?" என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவர் சாகேல்லையடா. தங்களிட்டை அந்தச் சாமான் இல்லையெண்டு சொல்லுறார்" என்றார். அது விடுதிப் பரிசாரகர்களின் தலைவரைக் குறிக்கும் சொல் என்பது எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருடங்கள் ஆயின.

தன் காதில் ஏற்கெனவே இருப்பதைத்தான் மனிதன் முதலில் கேட்கிறான். 1963இல் கிங்ஸ்மென் என்ற அமெரிக்கக் குழு 'லூயி லூயி' என்ற பாடலைத் தெளிவில்லாத உச்சரிப்பில் பாடிவைத்தது. அதில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று பெற்றோர் முறையிட, எஃப்.பி.ஐ. அதை விசாரித்தது, ஆய்வுகூடத்தில் வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டுக் கேட்டது, கடைசியில் ஒன்றும் விளங்கவில்லை என்று கோப்பை மூடியது. ரிச்சர்ட் பெரி எழுதிய மூல வரிகளில் இருந்ததோ, காதலியிடம் திரும்பிப் போக ஏங்கும் ஒரு கடலோடியின் பேச்சு மட்டுமே. வேகத்தை மாற்றிக் கேட்பதில் என்னைவிடப் பெரிய ஆய்வுகூடம் அவர்களிடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

உங்களைக் கண்டிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. ஏனென்றால் அதே தவறை நானும் செய்தேன். 2011இல், இந்தப் பாடல் வன்னியைத்தான் சொல்கிறது என்று உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினேன். வெளிநாட்டில் இருந்த அண்ணை அதைப் படித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பினார். பாராட்டு ஒரு சொல்கூட இல்லை. கணக்குத் தீர்க்கலாம், ஆனால் வெளியேற முடியாது என்ற கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற வரிகளை வீசிவிட்டாய் என்றிருந்தார். அந்தப் பாடலின் மனிதன் பாலைவனப் பெருந்தெருவில் களைத்துப்போய், தூரத்தில் வெளிச்சத்தைக் கண்டு, இது சொர்க்கமா நரகமா என்று யோசித்தபடியே தானாக உள்ளே போகிறான். "நாங்கள் எந்த வெளிச்சத்தைக் கண்டு போனோம்? செல் விழுந்த பக்கத்துக்கு மற்றப் பக்கமாக நடந்தோம்" என்று எழுதியிருந்தார். வவுனியாவுக்குப் போகப் பாஸ் எடுப்பதற்காக வரிசையில் நின்றவர்களையும், மதுவுக்கும் நடனத்துக்கும் மயங்கி நின்றவர்களையும் ஒரே வரிக்குள் நிறுத்தியது அவரை நோகடித்திருந்தது.

வரிகளைத் திரும்பத் திரும்பப் படியுங்கள், தம்பி. பல பொருள் தரும் பாடல் என்றால் எப்பொருளும் தரும் பாடல் என்று ஆகிவிடாது. சிலேடையில் பாம்பும் எள்ளும் ஒவ்வொரு சொல்லிலும் பொருந்த வேண்டும். ஒரு சொல் இடறினாலும் வெண்பா கெட்டுவிடும். அந்த ஹொட்டேலில் இருப்பவர்கள் தாங்களே செய்துகொண்ட சிறையில் இருப்பதாக அங்கேயுள்ள பெண் சொல்கிறாள். உங்கள் வாசிப்பும் என் வாசிப்பும் இடறுவது அந்த வரியில்தான். அண்ணையின் மின்னஞ்சலும் அதில்தான் முடிந்தது: "அவர்கள் தங்கள் சிறையைத் தாங்களே செய்தார்கள். எங்களுடையதை யார் யார் செய்தார்கள் என்று ஒருமுறை ஒளிக்காமல் எழுது. பிறகு பாட்டைப் பற்றிப் பேசுவோம்."

இன்றுவரை நான் எழுதவில்லை.

மொழிபெயர்ப்பைக் கட்டாயம் அனுப்புங்கள். வைன் கேட்டவனிடம் கப்டன், 1969இலிருந்து அந்த 'ஸ்பிரிட்' தங்களிடம் இல்லை என்று சொல்லுமிடத்தில் தடுமாறுவீர்கள். அங்கே மதுவும் உண்டு, ஒரு தலைமுறையின் ஓர்மமும் உண்டு. வைன் ஒன்றும் வடித்தெடுத்த மது அல்லவே என்று கேட்டவர்களுக்கு, தான் சொல்லவந்தது குடியைப் பற்றியே அல்ல என்று ஹென்லி பதில் சொன்னார். 'ஆவி' என்று போட்டால் போத்தல் போய்விடும், 'சாராயம்' என்று போட்டால் ஓர்மம் போய்விடும். அதைவிட, கப்டன் என்ற சொல்லை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.