எட்டாவதோடு ஃப்ரீ சீட் முடிந்துவிட்டது, ஒன்பதாவதுக்கு எங்கே சேர்ப்பது?

காரிமங்கலம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

எல்.கே.ஜி.யில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) ஒதுக்கீட்டில் ஃபீஸ் இல்லாமல் தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்ந்த பையன் எட்டாவது முடித்துவிட்டான், ஒன்பதாவதுக்கு முழு ஃபீஸ் கட்டச் சொல்கிறார்கள், கணக்கில் சுமார்தான் என்பதால் "வேற ஸ்கூல் பார்த்துக்குங்க" என்று ஜாடையாகச் சொல்லிவிட்டு, டி.சி. கேட்டால் வேன் பாக்கியைக் காட்டுகிறார்கள், வீட்டுக்காரர் வட்டிக்கு வாங்கியாவது அங்கேயே படிக்க வைக்கலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வட்டிக்கு வாங்காதீர்கள். பையனை இந்த ஜூனிலேயே அரசுப் பள்ளி ஒன்பதாவதில் சேருங்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் என்ன போகும் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஃபீஸ் விஷயம். பள்ளி உங்களை ஏமாற்றவில்லை. 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான் பேசுகிறது. தனியார் பள்ளிகள் 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் அந்த எல்லைக்குள்தான். எல்.கே.ஜி.யில் குலுக்கலில் பெயர் வந்த சந்தோஷத்தில் நிற்கும் பெற்றோரிடம் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

அடுத்ததுதான் முக்கியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று நீட்டினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்போ நம்ம பையனுக்குக் கிடையாதே என்று நினைப்பீர்கள். கிடைக்கும். ஆர்.டி.இ. இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒன்பதிலிருந்து, பத்திலிருந்தோ பதினொன்றிலிருந்தோ அல்ல. பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள், நல்ல மார்க், எட்டாவது வரை ஆர்.டி.இ., அப்புறம் பத்தாவது முதல் அரசுப் பள்ளி. ஒன்பதாவது மட்டும், அவள் அப்பா கடன் வாங்கி அதே தனியார் பள்ளியில் கட்டிய வருஷம். நான்கு சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அவள் அப்பா ஒன்பதாவதுக்கான அந்த ஒரு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

அதனால் பள்ளியை விட்டு வரும்போது டி.சி.யோடு இன்னொரு தாளும் கேட்டு வாங்குங்கள்: பையன் ஆர்.டி.இ. 25 சதவீத இடத்தில் படித்தவன் என்று வகுப்பு வாரியாக, தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரையோடு. நான்கு வருஷம் கழித்துக் கேட்டால் ஆளும் மாறியிருப்பார், பதிவேடும் கிடைக்காது. எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பையனுக்குள்ள எண்) குறித்துக்கொள்ளுங்கள், பழைய பள்ளி அந்தப் பதிவில் பையனை விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் எடுக்க முடியும்.

வேன் பாக்கி உண்மையாகவே இருந்தால் கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் தவணை கேளுங்கள். ஆனால் டி.சி. அடகுப் பொருள் இல்லை. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. வாயால் கேட்டது போதும், இனி எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு. பெரும்பாலும் மனு போட்ட ரசீதைக் காட்டினாலே வேலை நடந்துவிடும்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் உறுத்தியது. வகுப்பில் பையனை "ஃப்ரீ சீட்டு" என்று கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்று. அடிப்பது மட்டுமில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை. இந்த இடத்தில் சேர்ந்த பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கவும் கூடாது. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, இரண்டிலும் புகார் சொல்லலாம். இப்போதாவது பையனிடம் உட்கார்ந்து கேளுங்கள், கணக்கு வராதது கணக்கால்தானா என்று.

அரசுப் பள்ளி என்றதும் உங்களுக்கு வரும் பயம் தெரியும். பாடப்புத்தகம் இரண்டிலும் ஒன்றே, ஆங்கில வழி வகுப்பும் பல பள்ளிகளில் உண்டு. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சில தனியார் பள்ளிகள் ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள், தேறமாட்டான் என்று தோன்றுகிறவனைப் பொதுத் தேர்வுக்கு முன்பே கழற்றிவிடுவார்கள். கணக்கில் தடுமாறும் பையன் கடன் பணத்தில் அங்கே போய் என்ன செய்வான்? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். இரண்டு மூன்று பள்ளிக்கு நேரில் போங்கள், கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போனால் பிள்ளைகளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

மோட்டார் பிரித்துப் போடுவதில் கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது முடித்ததும் கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., ஓசூர் கம்பெனிகள் என்று ஒரு வழி. பன்னிரண்டு முடித்தால் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி வரைக்கும் யோசிக்கலாம், 7.5-இல் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. எது என்பதைப் பத்தாவது மார்க் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், ஏழாவதை அரசுப் பள்ளியில் முடித்த சின்னவளைப் பையனுக்குப் பதிலாக அந்தத் தனியார் பள்ளியில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. அவள் இருக்கும் இடத்திலேயே பன்னிரண்டு வரை படித்தால் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய் வரும், 7.5-உம் அவளுக்கு உண்டு.