ஆர்க்டிக்கில் நிலமும் நீதியும்: மகளை அனுப்பலாமா, சார்?

வணக்கம் சார்.

கடிதம் பார்த்தேன். பொண்ணு எம்.எஸ்சி. புவியியல் முதலாமாண்டு. முடித்ததும் பி.எட்., அப்புறம் டி.ஆர்.பி. என்று நீங்கள் வழி போட்டு வைத்திருக்கிறீர்கள். அவளோ ஆர்க்டிக் பகுதியில் நிலப் பயன்பாடு, நீதி என்று பிஎச்.டி. பண்ணப் போகிறேன் என்கிறாள். “பனிக்கட்டியில் என்ன சார் நிலம், அதில் யாருக்கு என்ன நீதி?” என்று கேட்டிருக்கிறீர்கள். செலவு, வேலை, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாள் என்பது உங்களுக்குப் பிடிபட வேண்டும். அது தெரியாமல் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எல்லாம் வீண்.

ஆர்க்டிக் என்றால் வெள்ளைக் கரடியும் ஆளில்லாத பனிவெளியும்தான் நம் மனதில் வரும். ஆனால் ஐரோப்பாவின் வட கோடியில் ஊர்கள் இருக்கின்றன, ரயில் ஓடுகிறது, இரும்பு தோண்டுகிறார்கள், காடு வெட்டுகிறார்கள், காற்றாலை நடுகிறார்கள். இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என்று நான்கு நாடுகளில் பரவி வாழ்கிறவர்கள் சாமி பழங்குடி மக்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ரெய்ன்டீர் மான் மேய்ப்பதுதான் பிழைப்பு.

குளிர்காலத்தில் அந்த மான் என்ன தின்னும் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. பனிக்கு அடியில், தரையோடு படர்ந்து கிடக்கும் லைக்கனைக் குளம்பால் தோண்டித் தின்னும். நம் வீட்டு மசாலா டப்பாவில் இருக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான், அந்த இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது குளிர்காலத்தின் நடுவிலேயே வெப்பம் ஏறி, பனிமேல் மழை பெய்துவிடுகிறது. மறுபடி உறைந்தால் தரைமேல் கண்ணாடி மாதிரி ஐஸ் மூடிக்கொள்ளும், மானால் உடைக்க முடியாது. அப்போது பழைய காட்டு மரங்களில் தொங்கும் லைக்கன்தான் கைகொடுக்கும். அந்தக் காட்டையும் வெட்டியாகிவிட்டதென்றால் மேய்ப்பவர் மந்தையை வேறு இடத்துக்கு ஓட்ட வேண்டும். வேறு இடத்தில் சுரங்கமோ சாலையோ காற்றாலையோ வந்திருக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன இடம்தான், சேர்த்துப் பார்த்தால் மேய்ச்சலுக்கு மிச்சமில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், முழுசாகப் புரிந்துவிடும். நார்வேயில் ட்ரோன்ட்ஹெய்ம் நகரத்துக்கு எதிர்க்கரையில் ஃபோசன் என்று ஒரு தீபகற்பம். கறாராகப் பார்த்தால் துருவ வட்டத்துக்குத் தெற்கேதான் இருக்கிறது, ஆனால் ஆர்க்டிக் நிலம் பற்றிய எந்த வகுப்பிலும் இந்தப் பெயர் வராமல் இருக்காது. அங்கே ஸ்டோர்ஹெய்யா, ரோவான் என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகளில் மொத்தம் 151 காற்றாலைகள். சாமி மேய்ப்பர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கேஸ் நடக்கும்போதே காற்றாலைகள் எழும்பிவிட்டன. மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? குளிர்கால மேய்ச்சல் போனால் போகட்டும், மானை அடைத்து வைத்துத் தீவனம் போட சுமார் 9 கோடி குரோனர் (நார்வே நாணயம்) இழப்பீடு கொடுங்கள் என்றது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 11 அன்று அதை ஏற்கவில்லை. தீவனத்தைக் கணக்கில் வைத்து உரிமைப் பிரச்சினையைத் தீர்த்துவிட முடியாது, அந்த மக்களின் பண்பாட்டு உரிமையைக் காக்கும், குடிமை அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு மீறப்பட்டிருக்கிறது, உரிமம் செல்லாது என்று 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

ஆனால் காற்றாலையை என்ன செய்வது என்று தீர்ப்பில் இல்லை! அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தன. 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள், கிரெட்டா துன்பெர்கும் போய்ச் சேர்ந்துகொண்டார். காலநிலைக்காகப் போராடுகிற பெண் காற்றாலைக்கு எதிரே உட்காருவதா என்று பலர் குழம்பினார்கள். பசுமைக் காலனியம் என்று அங்கே சொல்வது இதைத்தான்: பூமியைக் காப்பாற்றும் செலவை, பூமியைக் கெடுக்காதவர் தலையில் கட்டுவது. கடைசியில் 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இரு மேய்ச்சல் குழுக்களோடும் சமரசம் ஏற்பட்டது. காற்றாலைகள் அங்கேயே இருந்து ஓடும், மாற்று மேய்ச்சல் நிலத்துக்கு அரசு ஏற்பாடு செய்யும்.

இப்போது உங்கள் பொண்ணு சொல்லும் பல்துறை ஆய்வு எங்கே வருகிறது பாருங்கள். மான் காற்றாலையிலிருந்து எவ்வளவு தூரம் ஒதுங்குகிறது என்று கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிச் சொல்ல ஓர் உயிரியலாளர் வேண்டும். நிலத்தை அடுக்கடுக்காக வரைபடமாக்க ஜிஐஎஸ் என்ற கணினி வரைபடக் கலை தெரிந்த ஆள் வேண்டும். தீவனத்துக்கும் மேய்ச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணத்தில் அளக்க முடியுமா என்று பொருளாதாரம் படித்தவர் பார்க்க வேண்டும். 27ஆம் பிரிவை வக்கீல் பார்ப்பார். திட்டம் தீட்டும்போது மேய்ப்பரைக் கூப்பிட்டார்களா, கூப்பிட்டும் காதில் வாங்கவில்லையா என்று ஊரில் இருந்து விசாரிக்க மானிடவியல் ஆள். தனித்தனியாக இவர்கள் எழுதும் அறிக்கைகள் ஒன்றோடொன்று பேசாது. அதனால் எல்லோரையும் ஒரே திட்டத்தில் உட்கார வைக்கிறார்கள், மேய்ப்பர்களையும் சேர்த்து. ஸ்வீடனில் மேய்ப்பர்களே தங்கள் மேய்ச்சல் இடங்களையும் வழித்தடங்களையும் கணினி வரைபடத்தில் ஏற்றும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. காட்டு நிறுவனத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்த வரைபடத்தை மேஜைமேல் விரிக்கிறார்கள்.

சட்டப் பக்கம் இன்னொன்று. வடக்கு ஸ்வீடனில் கிர்யாஸ் என்ற சாமி மேய்ச்சல் கூட்டமைப்பு, தன் மலைப்பகுதியில் சிறு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி கொடுக்கும் உரிமை தனக்கே என்று அரசோடு மல்லுக்கட்டி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. கையில் பட்டா கிடையாது. நம் வருவாய்த்துறை பாஷையில் சொன்னால் நெடுங்கால அனுபோகத்தை வைத்தே ஜெயித்தார்கள். நீங்கள் நிலப் பத்திரம் பார்த்துப் பழகியவர் என்று எழுதியிருந்தீர்கள், இந்தத் தீர்ப்பைப் பொண்ணை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே சுவாரசியமாக இருக்கும்.

வடக்கு ஸ்வீடனில் கிருனா என்ற ஊரையும் அவள் சொல்லியிருப்பாள். அடியில் இரும்புச் சுரங்கம் விரிய விரிய ஊரையே பெயர்த்து நகர்த்துகிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்ட்டில் அப்படியே தூக்கி 5 கி.மீ. தள்ளி வைத்தார்கள். பக்கத்திலேயே அரிய மண் தனிமங்கள் பெரிய அளவில் இருப்பதாக 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது, அதையும் தோண்டினால் மான் போகும் பாதை அடைபடும் என்று மேய்ப்பர்கள் பதறுகிறார்கள். ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலில் இந்தியாவுக்குப் பார்வையாளர் இடம் கிடைத்ததும் இதே கிருனாவில் 2013இல் நடந்த கூட்டத்தில்தான்.

சரி, காசுக்கு வருவோம்.

நார்வேயில் படிப்பு இலவசம் என்று உங்களுக்கு யாரோ சொன்னார்களே, அது பழைய கதை. ஸ்வீடன் 2011இலும் பின்லாந்து 2017இலும் நம் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தன. நார்வேயும் 2023இல் கொண்டுவந்துவிட்டது. ஆகவே எம்.எஸ்சி. முடித்தபின் இன்னொரு முதுகலைக்காக வீட்டை அடமானம் வைத்து அனுப்பாதீர்கள். கன்சல்டன்சிக்காரர்கள் அந்த வழியைத்தான் காட்டுவார்கள், அவர்களுக்குக் கமிஷன் அதில்தான். நார்வேயிலும் ஸ்வீடனிலும் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை. கட்டணம் கிடையாது, விளம்பரம் வரும், விண்ணப்பித்து இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். நார்வேயில் ஆண்டுக்கு 5 லட்சம் குரோனருக்கு மேல் சம்பளம். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைக்க வேண்டாம், வரியும் வீட்டு வாடகையும் பாதியைத் தின்றுவிடும். ஆனால் நீங்கள் ஒரு பைசா அனுப்ப வேண்டியிருக்காது.

எங்கே பார்ப்பது? ட்ரோம்சோவில் நார்வேயின் ஆர்க்டிக் பல்கலைக்கழகம், பின்லாந்தின் ரோவனீமியில் லாப்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆர்க்டிக் மையம், ஸ்வீடனில் ஊமியோ பல்கலைக்கழகம். இந்த மூன்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும், நார்வேயின் ஜாப்நார்கே, ஐரோப்பாவின் யூராக்சஸ் தளங்களையும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வட நார்வேயின் கவுட்டோகெய்னோவில் சாமி மக்களுக்கான பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே முதன்மை மொழி சாமி என்பதால் வெளியிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் அது. பின்லாந்தில் பிஎச்.டி.க்குக் கட்டணம் இல்லை, ஆனால் சேர்க்கை கிடைத்தால் சம்பளமும் கிடைத்ததாக நினைத்துவிடாதீர்கள். அங்கே நிதியைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு கண்டிஷனைக் கவனியுங்கள். மூன்று ஆண்டு இளங்கலை, இரண்டு ஆண்டு முதுகலை, அதில் உருப்படியான ஓர் ஆய்வேடு. இதைத்தான் நார்வேயில் எதிர்பார்ப்பார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டு புராஜெக்டைக் கடமைக்கு முடிக்கக் கூடாது. இப்போதைக்கு அவளுக்கு நான் சொல்லும் ஒரே உருப்படியான யோசனை இதுதான்: பனியைப் பற்றி எழுத வேண்டாம். கமுதியில் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் 2016இல் வந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராக நகர்கிறவர்கள். மின்நிலையம் வந்தபின் கிடை போகும் தடம் மாறியதா, இல்லையா? செயற்கைக்கோள் படம், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், பத்துப் பதினைந்து கீதாரிகளோடு பொறுமையான பேச்சு. ‘ஒன்றும் மாறவில்லை’ என்று முடிவு வந்தாலும் அது நல்ல ஆய்வேடுதான். ஆர்க்டிக் பற்றி இணையத்தில் படித்து எழுதிய நூறு பக்கத்தைவிட, நேரில் போய்ப் பார்த்த இந்த நாற்பது பக்கத்துக்குத்தான் ட்ரோம்சோவில் மதிப்பு. டேராடூன் ஐ.ஐ.ஆர்.எஸ். (இந்தியத் தொலையுணர்வு நிறுவனம்) நடத்தும் இலவச ஆன்லைன் வகுப்புகளிலும் சேரச் சொல்லுங்கள்.

பல்துறை என்ற பெயரில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பவர்களைத் தேர்வுக் குழு ஒதுக்கிவிடும். அவளுக்குக் கையில் இருக்கும் ஆயுதம் வரைபடம். அதில் கெட்டிக்காரி ஆகட்டும். சட்டமும் மானிடவியலும் படித்தவர்களோடு பேசும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

அங்கே போனபின் இருக்கும் சிக்கல் வேறு. சாமி மக்கள் ஆராய்ச்சியாளர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். வருகிறார்கள், பேட்டி எடுக்கிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை என்ற வருத்தம் அவர்களுக்கு உண்டு. ஒரு மேய்ப்பரிடம் ‘உங்களிடம் எத்தனை மான்?’ என்று கேட்டால் முகம் சுளிப்பார். நம்மூரில் ஒருவரிடம் பேங்கில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பது போன்றது அது. கேள்வித்தாளோடு போய் இறங்குகிறவர்களுக்கு அங்கே வேலை நடக்காது. நார்வேஜியனோ ஸ்வீடிஷோ ஓரளவாவது பேச வேண்டும். முதல் வருடம் பெரும்பாலும் இதற்கே போய்விடும்.

குளிர் பற்றி அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். ட்ரோம்சோ கடலோர ஊர், வெப்ப நீரோட்டத்தின் புண்ணியத்தில் குளிர்காலத்திலும் சராசரி மைனஸ் 4 டிகிரி வாக்கில்தான் இருக்கும். உள்நாட்டில் கவுட்டோகெய்னோ பக்கம் மைனஸ் 30 சாதாரணம். குளிரைவிட இருட்டுதான் கஷ்டம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை ட்ரோம்சோவில் சூரியன் எழும்பாது. தூக்கம் கெடும், மனசு சோர்ந்துபோகும். இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை, அவள் சுபாவம் உங்களுக்குத்தான் தெரியும். துணைக்கு ஆள் இல்லாத ஊர் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1980களிலேயே ஈழத்தமிழர்கள் வட நார்வேயின் ஃபின்மார்க் கடற்கரை மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். பலர் பிறகு ஆஸ்லோவுக்கு நகர்ந்துவிட்டாலும், வடக்கே தமிழ் கேட்காத ஊர் என்று சொல்ல முடியாது.

வேலை? நிரந்தர அரசு வேலை மாதிரி எதுவும் இதில் உறுதி இல்லை. பிஎச்.டி.க்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களாக ஓடும். பல்கலைக்கழகம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள் என்று போகிறவர்கள் உண்டு. இந்தியாவுக்குத் திரும்பினால், 2022இல் மத்திய அரசு வெளியிட்ட ஆர்க்டிக் கொள்கையில் மனித வளர்ச்சியும் ஓர் அங்கம். ஆனால் கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையம் பெரும்பாலும் பனி, கடல், வளிமண்டலம் படித்தவர்களுக்கான இடம். நிலமும் சமூகமும் சேர்த்துப் படித்தவர்கள் இங்கே குறைவு, பதவிகளும் குறைவு. அவளுக்கு நிஜமாகக் கைகொடுக்கப் போவது வேறு: காற்றாலை, சோலார், சுரங்கம் என்று இங்கேயும் ஒவ்வொரு திட்டத்திலும் நிலத் தகராறு வருகிறது, வன உரிமைச் சட்டம் 2006 இருக்கிறது, வரைபடமும் சட்டமும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள்.

போட்டி கடுமை, முதல் விண்ணப்பத்திலேயே கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. எம்.எஸ்சி. முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுங்கள். அந்த நேரத்தில் ஒரு ஜிஐஎஸ் வேலையில் இருக்கட்டும், பெங்களூரு ஏட்ரீ போன்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்களின் பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கட்டும். அதற்குள் ஒன்றும் அமையவில்லை என்றால் பி.எட். சேரலாம், அதற்கு வயசு தடையாக இருக்காது. கல்யாணப் பேச்சைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை அவளிடமே நேராகக் கேட்டுவிடுங்கள் சார், என் வழியாக வேண்டாம்.

கமுதி விஷயத்தை வைத்து ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: என்ன கேள்வி, யாரைப் பார்ப்பாள், எந்த மாதத்துப் படங்களை எடுப்பாள். தமிழில் எழுதினாலும் சரி. பார்த்துவிட்டு, எப்படிப்பட்ட பேராசிரியருக்கு, எப்போது மெயில் போடலாம் என்று சொல்கிறேன்.